குறட்டையை நல்ல தூக்கம் என்று நினைத்திருந்தேன்

என் மகனுக்கு அப்போது 6 வயது. காலையில் தலையணையைத் தொட்டால் ஒரு பக்கம் எச்சிலில் ஊறிக் கிடக்கும். இரவெல்லாம் குறட்டை. அசந்து தூங்குகிறான் என்று விட்டுவிட்டோம். பள்ளியிலோ ஒரே புகார்: ஓர் இடத்தில் உட்காருவதில்லை, கவனம் இல்லை. தூக்கம் கெட்டால் பெரியவர்கள் பகலில் தூங்கி வழிவார்கள். பிள்ளைகள் பலர் நேர்மாறாக ஓயாமல் ஆடித் தீர்ப்பார்கள். அது தெரியாமல் அவனை எத்தனை நாள் திட்டியிருப்பேன்!

சொத்தைப் பல்லுக்காகப் போன இடத்தில்தான் விஷயம் தெரிந்தது. பல் மருத்துவர் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் வைத்து மேலண்ணத்தைக் காட்டினார். அகலமாக இருக்க வேண்டியது குறுகி, குடைந்தது போல மேலே ஏறியிருந்தது. “தூங்கும்போது வாய் திறந்திருக்குமா?” என்றார். வாயை மூடி மூக்கால் மூச்சு விட்டால் நாக்கு மேலண்ணத்தில் படிந்திருக்கும். மேல்தாடை அகலமாக வளர அதுதான் உள்ளிருந்து முட்டுக்கொடுக்கும். வாய் திறந்தே இருந்தால் நாக்கு கீழே இறங்கிவிடும், கன்னங்களின் அழுத்தம்தான் மிஞ்சும். தாடை குறுகி, பற்கள் நெருங்கி, முகம் நீண்டு வளரலாம். பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு என்றார்.

அன்று இரவு தூங்காமல் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கழுத்தைப் பின்னால் வளைத்து, வாயைப் பிளந்து படுத்திருந்தான். திடீரென்று குறட்டை நின்றது. நெஞ்சு ஏறி இறங்குகிறது, காற்றுச் சத்தமே இல்லை. எட்டு வரை எண்ணினேன். அப்புறம் ஒரு திணறலோடு மூச்சு திரும்பியது. என் கை நடுங்கிவிட்டது.

அடுத்த முறை அப்படி ஆனபோது போனில் வீடியோ எடுத்து, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டினேன். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு என்ற சதை பெரிதாகி மூச்சு வழியை அடைத்திருந்தது. அது சின்ன வயதில் பெரிதாக இருந்து, வளர வளரச் சுருங்குமாம். எல்லோருக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படாது, சிலருக்கு மூக்கு ஸ்பிரேயே போதும். இவனுக்குத் தூக்கப் பரிசோதனை செய்து பார்த்த பிறகு அடினாய்டையும் டான்சிலையும் எடுத்தார்கள். குறட்டை போயிற்று. அதுவரை இரவில் படுக்கையில் சிறுநீர் போய்க்கொண்டிருந்ததும் மெல்ல நின்றது.

ஆனால் வாய் மட்டும் மூடவில்லை! மூக்கு திறந்தும் பழக்கம் விடவில்லை. மாதக்கணக்கில் நாக்குப் பயிற்சி செய்தோம். பிறகு மேலண்ணத்தை விரிக்கும் கருவி பொருத்தினார்கள். சின்னச் சாவியால் ஒரு திருப்பு திருப்பினால் கால் மில்லிமீட்டர். முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழுந்ததைப் பார்த்துப் பதறிப் போனேன்; அண்ணம் விரிகிறது என்பதற்கு அதுதான் அடையாளமாம்.

தூங்கும்போது வாய் திறக்காமல் இருக்கப் பிள்ளையின் வாயில் டேப் ஒட்டலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். தயவுசெய்து வேண்டாம். மூக்கு அடைத்த பிள்ளைக்கு மூச்சு விட இருப்பது அந்த ஒரு வழிதான். ஓர் இரவு பக்கத்தில் இருந்து பாருங்கள், வீடியோ எடுங்கள், முதலில் மூக்கை மருத்துவரிடம் காட்டுங்கள்.