சிஎன்சி ஷாப்பில் டேட்டா குவிகிறது, ஆனால் முடிவெடுக்க உதவவில்லை

கேள்வி (உற்பத்திப் பிரிவு, கோவை)
வணக்கம். பம்ப் பாகங்கள் மெஷினிங் செய்யும் யூனிட், 14 சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும்) மெஷின். எல்லாவற்றிலும் டேட்டா எடுக்கும் பெட்டி பொருத்தி, ஷாப் நடுவில் டிவியும் மாட்டியாச்சு. மெஷின் நின்றால் ஆபரேட்டர் காரணத்தை டேப்லெட்டில் தட்ட வேண்டும். மாத ரிப்போர்ட்டைப் பார்த்தால் பாதிக்கு மேல் "மற்றவை". ஒரு டர்னிங் சென்டரில் (கடைசல் மெஷின்) பெர்ஃபார்மன்ஸ், அதாவது நிர்ணயித்த வேகத்தோடு ஒப்பிட்ட உண்மை வேகம், 112% காட்டுகிறது. முதலாளி ஓஇஇ (மெஷின் ஓடிய நேரம், வேகம், நல்ல பீஸ் மூன்றையும் சேர்த்த மொத்தத் திறன்) 85% வேண்டும் என்கிறார், சூப்பர்வைசர்களோ பழைய நோட்டைத்தான் நம்புகிறார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில் 1
112% வந்தாலே மாஸ்டரில் (ஒவ்வொரு பாகத்துக்கும் நிர்ணயித்த நேரப் பட்டியல்) இருக்கும் சைக்கிள் டைம், அதாவது ஒரு பீஸுக்கான நேரம், தப்பு என்று அர்த்தம். ஃபீட் ஏற்றியிருப்பீர்கள், இன்செர்ட் (வெட்டும் முனை) கிரேடு மாற்றியிருப்பீர்கள், மாஸ்டரை யாரும் திருத்தியிருக்க மாட்டார்கள். இல்லையென்றால் பாகம் மாறியும் பார்ட் நம்பர் மாறவில்லை. முதலில் ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்து போடுங்கள். அந்த 85% ஜப்பானிய நிபுணர் நகாஜிமா டிபிஎம் என்ற மெஷின் பராமரிப்பு முறையில் சொன்ன இலக்கு: அவெய்லபிலிட்டி 90, பெர்ஃபார்மன்ஸ் 95, குவாலிட்டி 99, மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ வருவது. ஒரே பாகத்தை நாள் முழுக்க ஓட்டும் லைனுக்கு அது சரி, ஷிஃப்ட்டில் நாலு தடவை செட்டிங் (அடுத்த பாகத்துக்கு மெஷினைத் தயார் செய்வது) மாற்றும் ஷாப்பில் அதையே கேட்டால் எல்லோரும் நம்பரை அழகுபடுத்தத்தான் பார்ப்பார்கள்.

பதில் 2 (ஓசூர், மெயின்டனன்ஸ்)
டேப்லெட்டில் எத்தனை காரணம் வைத்திருக்கிறீர்கள்? முப்பது நாற்பது இருந்தால், கையுறையில் கூலன்ட் வழிய நிற்கிற ஆள் எட்டிய பட்டனைத்தான் அழுத்துவார். ஆறேழு போதும்: செட்டிங், இன்செர்ட் மாற்றம், மெட்டீரியல் இல்லை, முதல் பீஸ் ஓகே ஆகவில்லை, பிரேக்டவுன், கரண்ட். ஆபரேட்டர்களை உட்கார வைத்து அவர்கள் சொல்கிற பெயரிலேயே போடுங்கள். இன்னொன்று, இதுதான் முக்கியம்: நின்ற நேரத்தை இன்சென்டிவில் பிடித்தால் உண்மையான காரணம் ஒருநாளும் வராது. பிடிக்க மாட்டோம் என்று முதலாளியே நேரில் சொல்ல வேண்டும்.

பதில் 3
ரிஜெக்‌ஷனையும் கவனியுங்கள். வார்ப்பில் உள்ள புளோ ஹோல் (காற்றுக் குமிழால் வரும் ஓட்டை) பெரும்பாலும் மெஷினிங் செய்த பிறகுதான் தெரியும். ஹீட் நம்பர் (எந்த உருக்கில் வார்த்தது என்ற எண்) பதிவில் இல்லையென்றால் ஃபவுண்ட்ரியில் வந்த கோளாறு டர்னிங் கணக்கில் ஏறிவிடும். மெஷின் கடிகாரமும் குவாலிட்டி கம்ப்யூட்டர் கடிகாரமும் ஒன்றா என்று பாருங்கள். நைட் ஷிஃப்ட் நள்ளிரவில் இரண்டு தேதியாகப் பிரிகிறதா என்பதையும் பாருங்கள், சூப்பர்வைசர் நோட்டுக்கும் டிவிக்கும் கணக்கு ஒத்துவராததற்குப் பாதிக் காரணம் அதுவாகவே இருக்கும்.

கேள்வி கேட்டவர்
நன்றி. இப்போதுதான் பார்த்தேன், நைட் ஷிஃப்ட் உண்மையிலேயே இரண்டாகத்தான் பிரிகிறது. காரணப் பட்டியலில் 38 இருக்கிறது, நாளைக்கே குறைக்கிறோம். ஹீட் நம்பரை ஃபவுண்ட்ரியில் பெயிண்டால் எழுதி அனுப்புகிறார்கள், முதல் ஆபரேஷனிலேயே கூலன்ட் பட்டு அழிந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில் 3
மெஷினிங் படாத பக்கத்தில் பஞ்ச் அடித்துத் தரச் சொல்லுங்கள். அதுவரை டிரேக்கு ஒரு அட்டை, ஒரு டிரேயில் ஒரே ஹீட். கலக்க விடாதீர்கள்.