சிங்கப்பூர் – நியூயார்க்: போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு

சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில் மகளின் பேறுகாலத்துக்காகச் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் சென்று வந்தேன். பிராங்ஃபர்ட் வழியாகச் சென்றால் ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் ஆகும் என்பதாலும், நடுவில் இறங்கி ஏற என் முழங்கால்கள் இடங்கொடா என்பதாலும், கட்டணம் கூடுதலானாலும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நேரடி விமானத்தையே தேர்ந்தெடுத்தேன். இரு நகரங்களுக்கும் இடையே சுமார் 15,300 கி.மீ.; பூமியில் எந்த இரண்டு இடங்களுக்கும் இடையிலான மிகக் குறுகிய வழி 20,000 கி.மீ. அளவைத் தாண்டாது என்பதை நினைத்தால் இதன் நீளம் விளங்கும். அந்த ஏ350-900 யூஎல்ஆர் (மிக நெடுந்தொலைவு பறக்கும் வகை) விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். இருக்கைகளோ 161 மட்டுமே, சாதாரண எகானமி வகுப்பு கிடையாது.

பூகோள உருண்டையில் இவ்விரு ஊர்களுக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் அது வட துருவத்தை ஒட்டிச் செல்லும். அவ்வழியே போவோம் என்றுதான் எண்ணியிருந்தேன். ஆனால் திரையிலிருந்த வரைபடத்தில் விமானம் ஜப்பான் பக்கம் திரும்பிப் பசிபிக்கைக் கடந்தது. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டம் பின்னாலிருந்து தள்ளுவதால், சுற்றுவழியானாலும் நேரம் மிச்சமாகும் என்று பணிப்பெண் பொறுமையாக விளக்கினார். நண்பகலை ஒட்டிப் புறப்பட்டு, இரவைக் கண்டு, கிழக்கே போகையில் தேதி ஒரு நாள் பின்செல்லும் பசிபிக் தேதிக்கோட்டைத் தாண்டி, மீண்டும் பகலைக் கண்டு, பதினெட்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பறந்து இறங்கியபோது, அங்கே அதே தேதியின் மாலைப் பொழுதாக இருந்தது.

திரும்பும்போது அட்லாண்டிக்கையும் ஐரோப்பாவையும் கடந்து வந்தோம். அதுவும் கிழக்குத் திசையே. பேரனைப் பார்க்கப் போன பயணத்தில் பூமியை ஒரு முறை வலம் வந்திருக்கிறேன் என்பதை உணர்ந்தபோது உடல் சிலிர்த்தது. மருந்து உட்கொள்ளும் முதியவர்களுக்கு ஒன்று சொல்வேன்: கைக்கடிகாரத்தைப் புறப்பட்ட ஊரின் நேரத்திலேயே விட்டு வையுங்கள். இரத்த அழுத்த மாத்திரைகளை நான் அப்படித்தான் வேளை தவறாமல் எடுத்துக்கொண்டேன்.

*

ஐயா, தங்கள் சிங்கப்பூர் – நியூயார்க் பயணக் குறிப்பைப் படித்தேன். ஜெட் காற்றோட்டத்தால் சுற்றுவழியிலும் நேரம் மிச்சமாவதை நானும் தில்லி – சான் பிரான்சிஸ்கோ தடத்தில் கண்டேன். ஏர் இந்தியா 2016 அக்டோபரில் அத்தடத்தை அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக்குக்கு மாற்றியபோது, தொலைவு 15,300 கி.மீ. வரை நீண்டும், முதல் பயணம் பதினான்கரை மணி நேரத்திலேயே முடிந்தது. அடுத்த ஆண்டு சனவரியில் சென்னையிலிருந்து தில்லி சென்று அதில் ஏறினேன். குளிர்காலத்தில் அக்காற்று மேலும் வலுக்கும். ஜப்பானைக் கடந்தபின் தரைவேகம் மணிக்கு 1,100 கி.மீ.க்கு மேல் இருந்ததைத் திரையில் கண்ணாரப் பார்த்தேன். குறித்த நேரத்துக்கு நாற்பது நிமிடம் முன்னதாகவே இறங்கிவிட்டோம். அழைத்துச் செல்ல வேண்டிய மகன் அப்போதுதான் வீட்டிலிருந்து கிளம்பியிருந்தான்.