2019 மாடல் மினி டிராக்டர் 4.10 லட்சம் சொல்கிறார்கள், கொடுக்கலாமா?

மஞ்சள்காடு:
வணக்கம். கோபிசெட்டிபாளையம் பக்கம் நாலு ஏக்கர், மஞ்சளும் வாழையும். பெரிய டிராக்டர் வாழைக்குள் நுழையாது, வாடகைக்கு மினி டிராக்டர் கேட்டால் நமக்கு வேண்டிய நேரத்தில் கிடைப்பதில்லை, அதனால் சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம் என்று பார்க்கிறேன். பக்கத்து ஊரில் ஒரு குபோட்டா பி2441 இருக்கிறது. 24 எச்.பி., நாலு சக்கர இழுவை, 2019 பதிவு, மீட்டரில் 940 மணி நேரம். மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டரும் சேர்த்து ரூ.4.10 லட்சம் கேட்கிறார். போய்ப் பார்த்தபோது கழுவித் துடைத்துப் புதுசு மாதிரி இருந்தது, சாவியைத் திருப்பியதும் எடுத்தது, புகையும் இல்லை. பின் டயரில் பட்டன் நன்றாக இருக்கிறது, முன் டயர் மட்டும் தேய்ந்திருக்கிறது. சொந்தக் காட்டுக்கு மட்டும்தான் ஓட்டினேன் என்கிறார். புது வண்டி ஷோரூமில் 5.70 சொன்னார்கள். எவ்வளவு கொடுக்கலாம், வேறு என்ன பார்க்க வேண்டும்?

பட்டறை அண்ணன்:
தம்பி, விலையை அப்புறம் பேசுவோம். நீங்கள் போகும்போது என்ஜின் சூடாக இருந்ததா? சூடான டீசல் என்ஜின் எப்படி இருந்தாலும் எடுக்கும், அதில் ஒன்றும் தெரியாது. காலையில் சொல்லாமல் போங்கள், பானெட்டைத் திறந்து கையை வைத்துப் பாருங்கள், குளிர்ந்திருந்தால் மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். எடுத்த உடனே கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து நின்றுவிட்டால் பரவாயில்லை, நீலமாக வந்துகொண்டே இருந்தால் ஆயில் எரிகிறது. ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியை லேசாகத் திறந்து பாருங்கள். குப்குப்பென்று புகை அடித்தால் பிஸ்டன் ரிங் போய்விட்டது, என்ஜின் இறக்க வேண்டும்.

அடுத்தது ரொட்டவேட்டரை மாட்டி மண்ணில் இறக்கி ஓட்டுங்கள், சும்மா ரோட்டில் ஓட்டிப் பார்த்து ஒரு பயனும் இல்லை. என்ஜின் சத்தம் அப்படியே இருக்க வண்டி மட்டும் தயங்கினால் கிளட்ச் வழுக்குகிறது. பிறகு ரொட்டவேட்டரை முழுசாகத் தூக்கி என்ஜினை அணைத்துவிட்டு ஒரு டீ குடியுங்கள், அதற்குள் பாதிக்கு இறங்கியிருந்தால் அதைத் தூக்கிப் பிடிக்கும் லிப்டில் வேலை இருக்கிறது. உங்கள் பக்கம் தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல் வயல் நிறைய, அதனால் சேற்றில் இறங்கிய வண்டியா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். லிப்ட் ஆயிலையும் முன் அச்சு ஆயிலையும் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, பேரிங், சீல் எல்லாம் சந்தேகம்தான்.

முன் டயர் மட்டும் தேய்ந்திருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. நாலு சக்கர இழுவைக் கம்பியைப் போட்டபடியே தார் ரோட்டில் ஓட்டினால் இப்படி ஆகும், அது டயரோடு நிற்காது, முன் அச்சு கியர் வரைக்கும் போகும். இல்லையென்றால் பின் டயர் புதுசாக மாற்றியது. டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் தயாரித்தது. அதைப் படித்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

தென்னந்தோப்பு:
பொள்ளாச்சியிலிருந்து எழுதுகிறேன். அண்ணன் வண்டியைச் சொல்லிவிட்டார், நான் விலையைச் சொல்கிறேன். விற்பவர் 2019இல் என்ன கொடுத்தார் என்பது நமக்குத் தேவையில்லை, இன்றைக்குப் புது வண்டி என்ன விலை என்பதுதான் கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டது. வரியோடு 6 லட்சம் இருந்த வண்டி 5,62,500க்கு வந்தது, அதாவது 37,500 குறைவு. புதுசு இறங்கினால் பழசும் இறங்கத்தானே வேண்டும்? விற்கிறவர்கள் பலர் இன்னும் பழைய விலையை மனதில் வைத்தே பேசுகிறார்கள். உங்களுக்குச் சொன்ன 5.70 புது வரியோடு சேர்த்தா, பதிவும் இன்சூரன்ஸும் அதில் அடக்கமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ரொட்டவேட்டருக்குத் தனியாக விலை போடுங்கள், கத்தி தேய்ந்திருந்தால் அதற்கும் கழியுங்கள். ஆறு வருட வண்டி, நல்ல நிலையில் இருந்தால் புது விலையில் பாதிக்கு மேல், 60 சதவீதம் வரை கொடுக்கலாம் என்பது என் கணக்கு.

ஆர்.சி. பார்த்தேன்:
ஆர்.சி.யில் கடன் கொடுத்த வங்கி பெயர் இருக்கிறதா? இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும், அந்தப் பெயரை நீக்கும் படிவம் 35உம் வராமல் முழுப் பணம் கொடுக்க வேண்டாம். பெயர் மாற்ற படிவம் 29, 30. சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் துடைத்துவிட்டு நீங்களே ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். மானியத்தில் வாங்கிய வண்டியா என்றும் கேளுங்கள், அப்படியென்றால் இப்போது விற்க முடியுமா என்பதை வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

மஞ்சள்காடு:
காலையில் போய் வந்தேன், எல்லோருக்கும் நன்றி. குளிர்ந்த என்ஜின் இரண்டாவது முறை எடுத்தது, நீலப் புகை இல்லை, மூடியைத் திறந்தாலும் புகை அடிக்கவில்லை. லிப்ட் இறங்கவில்லை, ஆயில் சுத்தம். ஆனால் பின் டயரில் 1223 என்று இருக்கிறது, முன் டயரில் 2019 எண்தான். கேட்டதும், வெல்ல ஆலைக்குக் கரும்பு டிரெய்லர் இழுத்தது என்று ஒப்புக்கொண்டார். கடன் முடிந்துவிட்டது, ஆனால் ஆர்.சி.யில் வங்கி பெயர் இன்னும் இருக்கிறது. மானியம் இல்லை.

பட்டறை அண்ணன்:
அப்படியென்றால் 940 மணியை நம்பாதீர்கள். 2019இல் வந்த பின் டயர் நாலு வருடத்தில் தீர்ந்திருக்கிறது, அந்த மணி நேரத்தில் காட்டு வேலை மட்டும் செய்த டயர் அப்படித் தீராது. டிரெய்லர் கோக்கும் ஓட்டை முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கிறதா, கிளட்ச் மிதி ரப்பர் எப்படி இருக்கிறது, ஸ்டியரிங்கில் ஆட்டம் எவ்வளவு என்று பாருங்கள், ஓட்டம் அதில் தெரிந்துவிடும். என்ஜின் நன்றாக இருப்பதால் வண்டியை விட வேண்டாம். 2,000 மணி ஓடியது என்று வைத்து விலை பேசுங்கள். முன் டயர் எப்படியும் மாற்ற வேண்டும், புது பின் டயரும் தேய்ந்த முன் டயரும் சேர்ந்து ஓடினால் முன் அச்சுக்குச் சுமை ஏறும். முன் அச்சில் சத்தம் வருகிறதா என்று ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போய் மண்ணில் ஓட்டிக் கேட்கச் சொல்லுங்கள், அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் போகாது.

தென்னந்தோப்பு:
5.70இல் 60 சதவீதம் 3.42. அது நல்ல நிலை வண்டிக்கு. இதற்கு முன் டயர் ஜோடி விலையைக் கழித்து, ஓட்டத்துக்கும் கொஞ்சம் கழித்து, ரொட்டவேட்டர் தனியாகச் சேர்த்துப் பாருங்கள். நானாக இருந்தால் எல்லாம் சேர்த்து 3.20இல் பேச ஆரம்பித்து 3.45க்கு மேல் போக மாட்டேன். வங்கிக் காகிதம் வரும்வரை 25,000 முன்பணம் போதும், அதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.