ஊசிப்புல்லால ஆடு பட்ட பாடு: உங்களுக்கும் நடந்திருக்கா?

செக்கானூரணி புஞ்சைக்காரன்
நாகமலைக்கு அங்கிட்டு நமக்கு 3 ஏக்கர் மானாவாரி, அப்பா இருந்தவரைக்கும் சோளம் போட்டாரு, இப்ப ஆளில்லாம தரிசாக் கெடக்குனு செம்மறிக்கு விட்டாச்சு, 35 உருப்படி. ரெண்டு வருசம் முந்தி தை மாசம் ரெண்டு குட்டி எரை எடுக்கல, வாயில நுரை தள்ளுது. கோமாரியோனு பதறி டாக்டரக் கூட்டியாந்தா, அவரு ஒதட்டப் பெரட்டி டார்ச் அடிச்சுக் காமிச்சாரு. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல கருப்பா ஆறேழு ஊசி, சுத்தி சீழு. ஊசிப்புல்லு விதை! சின்னப்புள்ளைல அதை உள்ளங்கைல வச்சு எச்சி தொட்டு விடுவோம்ல, ஈரம் பட்டதும் வாலு முறுக்கு அவுந்து தானா சுத்தும். அதே சுத்துதான் ஈறுக்குள்ளயும் எறக்கிருது.

கோவத்துல பங்குனில மொத்தத்தையும் கொளுத்திட்டேன். கிறுக்குத்தனம். ஐப்பசி மழைக்கு முன்னவிட அடர்த்தியா எந்திரிச்சு வருது! விதை பூராம் ஏற்கனவே மண்ணுக்குள்ள துளைச்சுப் போயிருச்சு, தூரும் அடியில பத்திரமா இருக்கு, தீ மேலோட போயிருச்சு, கூட இருந்த நல்ல புல்லுதான் கருகுனது மிச்சம்.

பேரையூர் கிடை
தம்பி, எங்க தாத்தா காலத்துல இருந்து கொளுத்தித்தான் புதுத்தளிர் எடுக்குறோம், ஆடு விழுந்து விழுந்து மேயும். ஊசிப்புல்லு எளசுல நல்ல தீனி. முத்த விட்டது உங்க தப்பு, புல்லு என்ன பண்ணும்.

செக்கானூரணி புஞ்சைக்காரன்
அண்ணே முத்த விட்டது நம்ம தப்புதான், ஒத்துக்கிறேன். ஆனா கொளுத்துனா வர்ற அந்தத் தளிரே முக்காவாசி இதுதாண்ணே, வருசா வருசம் கொளுத்துற எடத்துல கடைசில இது மட்டும்தான் நிக்கும். மலையை ஒட்டிக் கொளுத்துனா வனத்துறை கேஸ் வேற.

போன வருசம் மாத்திப் பண்ணுனேன். வலை கட்டி நிலத்தை நாலாப் பிரிச்சு, கதிர்த்தண்டு வெளிய வர்றதுக்குள்ள ஒவ்வொரு கட்டத்துலயும் ஆட்டை நெருக்கி அடைச்சு மேய்ச்சேன், தப்புனதை பிரஷ் கட்டர்ல அடிச்சேன். காலியான எடத்துல தீவனத்துக்குக் கொழுக்கட்டைப்புல்லும், முயல் மசால்ங்கிற தீவனச்செடியும் தூவுனேன். மொதத் தடவை ஒண்ணும் மொளைக்கல, ஏன்னா கொழுக்கட்டை விதையை அறுத்த கையோட போட்டா வராதாம், ஆறேழு மாசம் வச்சிருந்துதான் போடணும். முயல் மசாலுக்குத் தோலு கெட்டி, சுடுதண்ணில கொஞ்சம் போட்டு எடுத்து ராத்திரி பூரா பச்சத்தண்ணில ஊற வைக்கணும். இந்தத் தடவை அதெல்லாம் பாத்துப் போட்டேன், பாதி எடத்துல பிடிச்சிருக்கு.

மேலூர் மச்சான்
எங்க பக்கம் வாய் மட்டும் இல்ல பங்காளி, தோலும் போச்சு. போன பொங்கலுக்கு அறுத்த கெடாத் தோலை வாங்குறவரு வெயில்ல தூக்கிப் பிடிச்சுக் காமிச்சாரு, சல்லடை மாதிரி பொட்டுப் பொட்டா வெளிச்சம் வருது, பாதி வெலைக்குத்தான் கேட்டாரு. அதுல இருந்து கார்த்திகையிலயே மயிரைக் கத்தரிச்சு விட்டுர்றேன், விதை ஒட்டுறது கொறையுது. இன்னொண்ணு, எருவுக்காக ராத்திரி வயல்ல அடைச்சுக் கிடை போட வர்ற வெளியூர் ஆட்டு மயிர்லயே விதை வந்து எறங்குது, அதைக் கவனிங்க.

பேரையூர் கிடை
அதுக்காக கிடையே வேணாம்னு சொல்லிப்புடாதீங்கய்யா, பொழப்பு போயிரும்.

கள்ளந்திரி பால்மாடு
எங்களுக்கு கோரைக் களைதான் தொல்லை. இதுக்கும் மேய்ச்சு மேய்ச்சு அடக்கலாமா?

செக்கானூரணி புஞ்சைக்காரன்
அது கிழங்குண்ணே, மேல மேய்ஞ்சா அடியில இருந்து திரும்ப வரும், அரைகுறையா உழுதா கிழங்கு பிரிஞ்சு இன்னும் பெருகும். நமக்கு அதுல அனுபவம் இல்ல, தெரிஞ்சவுங்க சொல்லட்டும்.

மேலூர் மச்சான்
பங்காளி அந்தக் கொழுக்கட்டை விதை ரெண்டு கிலோ கெடைக்குமா?

செக்கானூரணி புஞ்சைக்காரன்
இப்பத்தான் உருவிச் சாக்குல கட்டிப் போட்டிருக்கேன், ஆவணிக்கு வா.