பெரியம்மாவுக்கு மாத்திரை, அடுத்த வீட்டு அன்ரிக்கு ஊசிமருந்து: காரணம் என்ன?

உப்புவெளியில் எங்கள் பெரியம்மாவுக்கும் அடுத்த வீட்டு அன்ரிக்கும் ஏறத்தாழ ஒரே காலத்தில் மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சத்திரசிகிச்சைக்குப் பின் பெரியம்மாவுக்குத் தமொக்சிபென் மாத்திரையை ஐந்து ஆண்டுகள் எடுக்கச் சொன்னார்கள். அன்ரிக்கோ கீமோவுடன், மூன்று வாரங்களுக்கு ஒருமுறை ட்ராஸ்டுசுமாப் என்ற மருந்தை ஓராண்டு ஏற்ற வேண்டும் என்றார்கள். “மாத்திரையோடு விட்டுவிட்டார்களே” என்று உறவினர்கள் கலங்கினார்கள். கிளினிக்கில் வைத்தியர் பொறுமையாக விளக்கியதையும் பின்னர் நான் வாசித்து அறிந்ததையும் இங்கே எழுதுகிறேன்; இந்த ஒப்பீடு பல வீடுகளில் வீண் பயத்தைக் கிளப்புகிறது.

பெரியம்மாவின் கட்டியைப் பெருகத் தூண்டியது ஈஸ்திரஜன் ஓமோன். அதற்குரிய வாங்கியில், அதாவது கலத்தில் ஓமோனின் கட்டளையை ஏற்கும் புரதத்தில், தமொக்சிபென் முந்திக்கொண்டு அமர்ந்துவிட்டால் ஓமோனின் கட்டளை கலத்தைச் சேராது. மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பான்மையானவை இவ்வகையே.

அன்ரியின் கட்டியில் ஹெர்-2 என்ற வாங்கி கலத்தின் மேற்பரப்பில் அளவுக்கு மீறிக் காணப்பட்டது. 17ஆம் நிறமூர்த்தத்திலுள்ள அதன் பரம்பரையலகு பல பிரதிகளாகிவிடும்போது இப்படி நேர்கிறது. நெருக்கமாக நிறைந்த இவ்வாங்கிகள் வெளியிலிருந்து கட்டளை வராமலே ஒன்றோடொன்று இணைந்து, கலத்தைப் பிரியத் தூண்டும் சமிக்ஞையை ஒரு பாதையிலும், இறக்க வேண்டிய கலத்தை இறக்கவிடாத சமிக்ஞையை பிஐ3கே எனப்படும் மற்றொரு பாதையிலும் ஓயாது அனுப்புகின்றன. இவையே அயற்கலங்களுடனான பிணைப்பையும் தளர்த்தி நகரும் தன்மையைக் கொடுப்பதால், நோய் நிணநீர், இரத்தம் வழியாக எலும்பு, நுரையீரல், ஈரல், மூளை வரை பரவக்கூடும். 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ட்ராஸ்டுசுமாப், ஹெர்-2இன் வெளிப்பகுதியைப் பற்றிக்கொண்டு இச்சமிக்ஞையைத் தடுக்கிறது. நோயெதிர்ப்புக் கலங்களையும் அவ்விடத்துக்கு ஈர்க்கிறது.

மார்பு நோய்க்கு எதற்காக அடிக்கடி இதய எக்கோ எடுக்கிறார்கள் என்று அன்ரி சலித்துக்கொள்வார். இதயத் தசைக் கலங்களும் தம்மைக் காத்துக்கொள்ள இதே ஹெர்-2 சமிக்ஞையை நம்பியிருக்கின்றன என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. மருந்து சிலருக்கு இதயத்தைப் பலவீனப்படுத்தலாம். வேளைக்குக் கண்டுபிடித்து மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் அது மீளும். ஆகவே எக்கோவைத் தயவுசெய்து தவறவிடாதீர்கள்.

பயொப்சி அறிக்கையில் ஈஸ்திரஜன் வாங்கியும் ஹெர்-2உம் எப்படிக் குறிக்கப்பட்டுள்ளன என்று வைத்தியரிடம் கேளுங்கள். ஹெர்-2 மதிப்பு 2+ என்றிருந்தால் அது இரண்டுங்கெட்டான் நிலை. பரம்பரையலகுப் பிரதிகளை எண்ணும் பிஷ் பரிசோதனைக்குப் பின்னரே முடிவு சொல்வார்கள். திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்கோ மஹரகமைக்கோ சிகிச்சைக்குச் செல்பவர்கள் அந்த அறிக்கையின் பிரதியைக் கையோடு கொண்டுசெல்லுங்கள்.