புதுப்பிப்பு: ஒகேனக்கல் படத்தைக் கேட்காமல் காலண்டரில் போட்ட விவகாரம், பணம் வந்துவிட்டது

நான் எடுத்த பரிசல் படத்தை பெங்களூரு கம்பெனி ஒன்று காலண்டரில் அச்சடித்துவிட்டது, எவ்வளவு நஷ்டஈடு கேட்கலாம் என்று மார்ச்சில் கேட்டிருந்தேன். எல்லோருக்கும் நன்றி, முக்கியமாக "பழைய ரசீதைத் தேடி எடுங்க தம்பி" என்ற பாலக்கோட்டு அண்ணனுக்கு. அதுதான் கைகொடுத்தது.

1957 பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு படத்துக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த தொகை கிடையாது. நமக்கு வரவேண்டிய கட்டணம் எவ்வளவு போனது, இல்லை அவர்கள் எவ்வளவு லாபம் பார்த்தார்கள், இதில் ஒன்றைத்தான் கேட்டு வாங்க முடியும், இரண்டும் சேர்த்துக் கிடைக்காது என்றார் வக்கீல். இதே படத்தை ஒரு லாட்ஜுக்கு 8,000 ரூபாய்க்குக் கொடுத்த ரசீது இருந்ததால் கணக்கு அங்கேயே தொடங்கியது.

உரிமை இருப்பதே தெரியாது, இருக்கும் என்று நினைக்கக் காரணமும் இல்லை என்று அவர்கள் நிரூபித்திருந்தால் 55வது பிரிவுப்படி தடை உத்தரவும், லாபம் முழுவதுமோ அதில் ஒரு பகுதியோ மட்டும்தான். ஆனால் பரிசலுக்குக் கீழே இருந்த என் பெயரை மட்டும் வெட்டியிருந்தார்கள், அப்புறம் எப்படித் தெரியாது என்பது?

எதிர்பாராதது, பதிவு செய்யாத படத்துக்கும் உரிமை உண்டு, 62வது பிரிவால் நாம் வசிக்கும் இடத்திலேயே, அதாவது தருமபுரி மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். அதை எழுதி நோட்டீஸ் அனுப்பியதும் 20,000 ரூபாய்க்குச் சமரசத்துக்கு வந்தார்கள். சரி என்றேன்.