முதலுதவிப் பெட்டி இருந்தும் கை ஓடவில்லை: அடுத்த முறைக்கு எப்படித் தயாராவது?

இரவுப்பயணி கேட்டது:

போன வாரம் இரவு எனக்கு முன்னால் போன பைக் சறுக்கி விழுந்தது. முதலில் இறங்கி ஓடியவன் நான்தான். ஓட்டியவருக்கு முழங்காலுக்குக் கீழே ஆழமான வெட்டு, ரத்தம் நிற்கவே இல்லை. என் காரில் முதலுதவிப் பெட்டி உண்டு, வண்டி வாங்கும்போதே கூட வந்தது. ஆனால் இருந்தது டிக்கியில், இரண்டு சூட்கேஸுக்கு அடியில். இறக்கிவைத்து எடுப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பிளாஸ்டரைப் பிரித்தால் பசை உருகி உறையோடு ஒட்டிக்கிடந்தது. கையுறை விரலை நுழைத்ததுமே கிழிந்தது. இருந்த பஞ்சு மொத்தமும் சேர்ந்து என் உள்ளங்கையைக்கூட மூடாது. கடைசியில் துண்டை மடித்து வைத்து அழுத்தினேன். ரத்தம் நின்றதா என்று நடுநடுவே தூக்கித் தூக்கிப் பார்த்தேன். ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றச் சொன்னார், இன்னொருவர் தொடவே தொடாதே என்றார், மூன்றாமவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் நின்றேன். ஆம்புலன்ஸ் வந்தது, ஆள் பிழைத்துக்கொண்டார். அவர் என்னைப் பார்த்த பார்வைதான் இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை. பெட்டியில் என்ன வைக்க வேண்டும், நான் என்ன பழகிக்கொள்ள வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மலைப்பாதை:

பெட்டியை முதலில் டிக்கியிலிருந்து எடுத்து, உட்கார்ந்தபடியே கை எட்டும் இடத்தில் வையுங்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் பசையும் ரப்பரும் சீக்கிரம் கெட்டுப்போகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே கொட்டிப் பாருங்கள். நெற்றியில் மாட்டும் டார்ச் ஒன்று வாங்குங்கள். இருட்டில் போனைப் பிடிக்க ஒரு கை போய்விட்டால், அழுத்த மிச்சம் ஒரு கைதான்.

பழைய ஆம்புலன்ஸ்காரி:

தம்பி, 11 வருஷம் ஆம்புலன்ஸில் போனவள் சொல்கிறேன். துண்டை வைத்து அழுத்தினீர்களே, அது சரியான வேலை. தூக்கித் தூக்கிப் பார்த்ததுதான் தவறு. காயத்தின் வாயில் ரத்தம் உறைந்து அடைப்பு கட்ட நேரம் பிடிக்கும். ஒவ்வொரு முறை தூக்கும்போதும் அது பிய்ந்துகொண்டு வரும், மறுபடி முதலிலிருந்து. முழங்கையை மடக்காமல், உடம்பின் எடை முழுக்க இறங்கும்படி அழுத்துங்கள். துணி நனைந்தால் அதன்மேலேயே இன்னொன்றை வைத்து இன்னும் பலமாக அழுத்துங்கள். வலிக்கிறது என்று கத்துவார், விடாதீர்கள். கண்ணாடியோ கம்பியோ குத்தி நின்றால் மட்டும் பிடுங்காமல், சுற்றிலும் துணி கொடுத்து அசையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹெல்மெட் விஷயம். பேசுகிறார், மூச்சு சீராக இருக்கிறது என்றால் முகக்கண்ணாடியை மட்டும் தூக்கிவிடுங்கள். மூச்சு இல்லை என்றால் கழற்றித்தான் ஆக வேண்டும். ஒருவர் கழுத்தையும் தாடையையும் அசையாமல் தாங்க, மற்றவர் ஹெல்மெட்டின் இரு பக்கத்தையும் விரித்து மெதுவாக உருவ வேண்டும். பத்து நொடிக்குள் மூச்சைப் பாருங்கள். எப்போதாவது ஒருமுறை கொர் என்று இழுப்பது மூச்சல்ல. அதைப் பார்த்து ‘உயிர் இருக்கிறது’ என்று பேசாமல் நின்ற கூட்டத்தை நான் எத்தனையோ முறை விலக்கியிருக்கிறேன், இன்னும் மனசு ஆறவில்லை. மூச்சு இல்லை என்றால் உடனே நெஞ்சின் நடுவில் அழுத்த ஆரம்பியுங்கள்: நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 செ.மீ. ஆழம், ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பின்னும் நெஞ்சு முழுசாக மேலெழ வேண்டும்.

நினைவில்லை, மூச்சு இருக்கிறது, வாயில் ரத்தமோ வாந்தியோ வருகிறது என்றால் தலை, கழுத்து, முதுகு ஒரே நேராக இருக்கும்படி ஒருக்களித்துத் திருப்புங்கள். தண்ணீர் வேண்டாம், அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

இறங்கும் முன் அபாய விளக்கைப் போட மறக்காதீர்கள். உதவ வந்தவரையே பின்னால் வந்த வண்டி அடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

சைக்கிள்காரன்:

அக்கா, அவ்வளவு ரத்தம் என்றால் பெல்ட்டை எடுத்து இறுக்கிக் கட்டக் கூடாதா?

பழைய ஆம்புலன்ஸ்காரி:

பெல்ட் பெரும்பாலும் போதிய அளவு இறுகாது தம்பி. அரைகுறையாகக் கட்டினால் ரத்தம் கூடுதலாகவே போகும். டூர்னிக்கெட் என்று, ரத்தத்தை நிறுத்தக் கட்டும் பட்டை உண்டு; திருகி இறுக்கும் கோல் உள்ளதாக வாங்கி வையுங்கள். கை கால்களில், அழுத்தியும் நிற்காத ரத்தத்துக்குத்தான் அது. காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டின் மேல் படாமல் கட்டி, ரத்தம் நிற்கும்வரை திருகுங்கள். கட்டிய நேரத்தை எழுதிவிடுங்கள், பாவமாக இருக்கிறதே என்று தளர்த்தாதீர்கள். கட்டிப் பழக ஒரு நாள் முதலுதவி வகுப்புக்குப் போய் வாருங்கள்.

இரவுப்பயணி:

அக்கா, ரொம்ப நன்றி. நேற்று பெட்டியைப் பிரித்து அடுக்கினேன். பெரிய கட்டுத்துணி, அகலப் பட்டை, துணி வெட்டும் கத்தரி, நான்கு ஜோடி கையுறை, எல்லாம் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால். வகுப்புக்கும் பெயர் கொடுத்தாயிற்று. மகனைத் தரையில் படுக்கவைத்து ஒருக்களித்துத் திருப்பிப் பார்த்தோம், மூன்றாவது தடவைதான் பிடிபட்டது. கையுறை இந்த முறையும் என் கைக்குச் சின்னது. நாளைக்கு மாற்றிவிடுகிறேன்.